வேடியப்பனுக்கு நான்கடி இடம்

மரியாதைக்குரிய மச்சான் மாதப்பன் அவர்களுக்கு, ராமப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை கெம்பம்மாவும் நலம். என் சர்க்கரையும் நலமாக ஏறிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா? போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

பர்கூர் பக்கம் போடுகிற நாற்கரச் சாலை எங்கள் வேடியப்பன் சாமி கல்லின் மேலேயே போகிறது. பழைய கல் ஐயா என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். "எல்லா ஊர்லயும் இதத்தான் சொல்றாங்க. விவரம் தெரிஞ்சவங்க எழுதின புத்தகத்துல இருந்தா காட்டுங்க, பத்திரமா எடுத்து வேற எடத்துல வெக்கலாம். இல்லன்னா பொக்லைன்தான்" என்றார். ஓசூர் கம்பெனி ஸ்டோர்ஸில் காலமெல்லாம் நட்டு போல்ட்டு தேடியவன், ஒரு புத்தகம் தேட முடியாதா என்று கிருஷ்ணகிரி நூலகத்துக்குப் போனேன். அங்கே இழுப்பறைகளில் புத்தகத்துக்கு ஓர் அட்டை வீதம் அடுக்கியிருக்கிறார்கள். வேடியப்பன் என்று தேடினேன், இல்லை. சாமி என்று தேடினேன், வந்துகொண்டே இருக்கிறது. கோயில், விரதம், பஜனை, ஒன்று விடாமல் புரட்டினேன். நூலகர் அனுப்ரியா என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்து, சனிக்கிழமை விரத மகிமைப் புத்தகத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதைப் படித்த நாள் முதல் உங்கள் தங்கை சனிக்கிழமை அடுப்பு மூட்டுவதில்லை.

கடைசியில் அந்தப் பெண்ணிடம் அழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க சாமி எப்படி இருப்பாருங்க?"

"மஞ்சள் பூசி, வேட்டி கட்டியிருப்பாரும்மா."

"வேட்டிக்குள்ள?"

யார் பார்த்தது? எங்கள் ஊரில் பூசாரி தலைமுறை தலைமுறையாகக் கண்ணை மூடிக்கொண்டுதான் சாமிக்கு வேட்டி மாற்றுவார். "கண்ணத் தொறக்கச் சொல்றியே, உனக்கு எப்படிய்யா வாய் வந்துது?" என்று பூசாரி வெள்ளைச்சாமி அடிக்கவே வந்துவிட்டார். பொக்லைன் என்றதும் அவரே சாமியின் வேட்டியை அவிழ்த்தார். உள்ளே வில், அம்பு, தலைக்கு மேல் எழுத்து! நூலகத்துக்கு ஓடிப்போய் அனுப்ரியாவிடம் சொன்னேன். "அட, செத்த வீரனுக்கு வெச்ச நடுகல்லுங்க இது! பக்தியில தேடினா எப்படிக் கெடைக்கும்? வரலாறுல பாக்கணும்" என்று வேறோர் இழுப்பறையைத் திறந்தார். நடுகல் ஆராய்ச்சி நூல், அதில் எங்கள் ஊர்ப் பெயர், கல்லின் படம், ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையதாம். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். அதிகாரியும் படத்தைப் பார்த்துவிட்டு, "எடம் காட்டுங்க, எறக்கி வெச்சிடறோம்" என்கிறார்.

ஊரில் புறம்போக்கு ஒரு சாண் மிச்சமில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் உங்கள் கொல்லை மூலையில் நான்கடி கொடுங்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டி, இரண்டு ஊரையும் காத்து நின்ற சாமி என்று சொல்லுங்கள். வேடியப்பன் உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் சமையலை என்றைக்கும் குறை சொல்லாத
ராமப்பன்

பி.கு.: அவசரத்தில் படம் இருந்த பக்கத்தை மட்டும்தான் படித்திருந்தேன். அடுத்த பக்கத்தை இப்போதுதான் கெம்பம்மா படித்தாள். உங்கள் ஊர் மாடுகளைக் கவர்ந்து ஓட்டிக்கொண்டு வரும்போது உங்கள் ஆட்கள் விட்ட அம்பில் வேடியப்பன் செத்தார் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறதாம். ஆகவே மேலே எழுதியதை யாருக்கும் படித்துக் காட்டவேண்டாம். "எங்கண்ணன் ஒண்ணும் சொல்லாது, பொண்ணையே குடுத்த ஊரு" என்கிறாள் உங்கள் தங்கை. இடம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கல் வந்து இறங்குகிற அன்றைக்கு மாடுகளைக் கொஞ்சம் பின்பக்கமாகக் கட்டிவிடுங்கள்.