வீட்டுக்கு ஓர் ஆட்டக்காரர்

இந்த வருஷம் எங்கள் குடியிருப்பின் கேரம் போட்டியில் ஜெயித்தே தீருவது என்று நான் சபதம் எடுத்தபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. அதனால் என் வீர சபதம் வீட்டுக்காரிக்கு ஏதோ கொப்பளிக்கிற சத்தமாகத்தான் கேட்டிருக்கிறது.

"என்னது?"

துப்பிவிட்டுச் சொன்னேன். "கேரம் போட்டி! நோட்டீஸ் ஒட்டியாச்சு. பேர் குடுக்கப் போறேன்."

"நானும் பார்த்தேன். வீட்டுக்கு ஒரு ஆள்னு போட்டிருக்கே. இந்தத் தடவை நான் ஆடலாம்னு நினைச்சேன்."

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் எப்போது சிரிக்கக் கூடாது என்பது எனக்குச் சிரித்து முடித்த பிறகுதான் தெரியவருகிறது.

"நீயா? ஸ்ட்ரைக்கரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா உனக்கு?"

"வட்டமா இருக்கற சாமானுக்கு ஏதுங்க பக்கம்?"

"அனுபவம் வேணும்மா, அனுபவம்!"

"போன வருஷம் அனுபவத்தோடதானே போனீங்க? முதல் ஆட்டத்துலயே கீழ்வீட்டு டாக்டரம்மாகிட்ட தோத்துட்டு, போர்டு சாய்வா இருக்குன்னு வந்தீங்க."

"சாய்வுதான்."

"அந்தச் சாய்வு அவங்களுக்கும்தானே?"

பேச்சில் இவளை ஜெயிக்க முடியாது. வாயைத் திறக்காமல் ஆடுகிற ஆட்டமாகப் பார்த்து நான் கேரமைப் பிடித்துக்கொண்டதே அதனால்தான்.

"சரி, ஒரு பந்தயம்," என்றாள். "சமையலறைக் குழாய் ஒழுகுது. அலமாரிக் கதவு தொங்குது. குளியலறைத் தாழ்ப்பாள் விழவே மாட்டேங்குது, பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்க வேண்டியிருக்கு. நானே சரி பண்றேன், நானே சரி பண்றேன்னு எத்தனை மாசமா சொல்றீங்க? ஆளையும் கூப்பிட விடமாட்டேங்கறீங்க. மூணையும் உங்க கையால சரி பண்ணுங்க, நீங்க ஆடுங்க. இல்லைன்னா நான் ஆடறேன்."

"இவ்வளவுதானே!" என்றேன்.

என்னிடம் பெரிய கருவிப்பெட்டி ஒன்று இருக்கிறது. சுவரில் துளை போடும் மெஷின்கூட உண்டு. அதை வைத்து நான் தப்பான இடத்தில் போட்ட துளைகளையெல்லாம் காலண்டர் மாட்டி மறைத்திருக்கிறோம். எங்கள் வீட்டில் சுவருக்குச் சுவர் காலண்டர் தொங்குவதைப் பார்த்து, நான் ஏதோ அச்சகத்தில் வேலை பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நான் பார்ப்பது இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை.

அந்த சனிக்கிழமையே களத்தில் இறங்கினேன். சொட்டுச் சொட்டாக ஒழுகிய குழாய், நான் ஸ்பேனரை வைத்ததும் தாரையாக ஒழுகியது. அதை அப்படியே விட்டுவிட்டு அலமாரிக்குப் போனேன். தொங்கிக்கொண்டிருந்த கதவு இப்போது தொங்கவில்லை. என் கையோடு வந்துவிட்டது.

"என்ன சத்தம்?" என்று கூடத்திலிருந்து குரல்.

"கதவைக் கழட்டினாத்தானே வேலை பார்க்க முடியும்!"

"காலை நசுக்கிக்காதீங்க!"

ஏற்கெனவே நசுங்கியிருந்தது. சொல்லவில்லை.

ஞாயிறு முழுக்க யோசித்ததில் மூளை வேலை செய்தது. அவள் வேலைக்குப் போகிற நாளாகப் பார்த்து, தலைவலி என்று அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். அவள் பஸ் ஏறியதை ஜன்னலில் பார்த்து உறுதி செய்துகொண்டு ரிப்பேர்காரரை வரவழைத்தேன். மனுஷர் விசிலடித்துக்கொண்டே மூன்று வேலையையும் முடித்துவிட்டு, "இதுக்கு முன்னாடி யாரோ கைவச்சிருக்காங்க சார். யார் அந்தப் புண்ணியவான்?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

பிறகு என் வேலையைத் தொடங்கினேன். சைக்கிள் சங்கிலியில் கையைத் தேய்த்துக் கறுப்பாக்கினேன். சட்டையில் கொஞ்சம் பூசினேன். காயமே படாத விரலாகப் பார்த்து ஒரு பிளாஸ்டரையும் சுற்றிக்கொண்டேன். உழைத்தவன் உழைத்தவன் மாதிரி தெரிய வேண்டாமா?

மாலையில் வந்தாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். அலமாரிக் கதவைத் திறந்தாள், மூடினாள். தாழ்ப்பாளை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களா?"

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரரா?"

"ஐயோ, விரல்ல என்னங்க?"

"வேலைன்னு வந்துட்டா இதெல்லாம் பார்க்க முடியுமா?"

"பெரிய கெட்டிக்காரர்தாங்க நீங்க! இத்தனை நாளா எனக்குத்தான் தெரியல."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பொய் சொல்லி வாங்கிய பாராட்டுதான். ஆனாலும் இனிக்கத்தான் செய்தது. அவளோ அதை அக்கம்பக்கம் முழுக்கப் பரப்பிவிட்டாள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்னை மாடிப்படியில் மறித்து, "சார், ரிப்பேர்ல புலியாமே!" என்றார். நானும் புலி மாதிரியே ஒரு தலையாட்டு ஆட்டினேன்.

தினமும் பயிற்சி. எதிரில் உட்கார ஆள் வேண்டுமே என்று அவளையே உட்கார வைத்தேன்.

"விரலை மடக்காதே. கோணத்தைப் பாரு. அவசரப்படாதே."

"இப்படியா?" என்று அவள் தட்டுவாள். காய் குழியில் விழும்.

"இது குருட்டு அடி."

"ஆமாங்க, எப்படியோ விழுந்துடுச்சு."

தினமும் இப்படி எப்படியோ நிறைய விழுந்தது. நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

போட்டி நாள் வந்தது. கீழ்த்தளத்துப் பொது அறையில் கூட்டம். நடுவில் கேரம் போர்டு, மேலே ஒரு பல்பு, ஓரத்தில் ஒரு வாஷ்பேசின். அன்று என் விரலில் என்னவோ நல்ல நேரம். போன வருஷம் என்னைத் தோற்கடித்த டாக்டரம்மாவையே வீழ்த்தினேன். "நல்லா தேறிட்டீங்க," என்று அவர் நோயாளியிடம் சொல்வது போலவே சொல்லிவிட்டுப் போனார். இறுதி ஆட்டத்தில் எனக்கு எதிராளி மேல்மாடி வக்கீல்.

ஆட்டத்துக்கு முன் கையிலிருந்த பவுடரைக் கழுவ வக்கீல் வாஷ்பேசினுக்குப் போனார். குழாயைத் திருகினார். குழாயின் தலை கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கூரை வரைக்கும் பீய்ச்சியது.

"போர்டு! போர்டு நனையுது!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

"யாரும் பதற வேண்டாம்!" என்றார் செயலாளர். "நம்ம சார் இருக்கார்!"

எந்த சார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேறு வழியில்லை. ஓடிப்போய் உள்ளங்கையால் குழாயை அடைத்தேன். தண்ணீர் நின்றது. அதாவது போர்டு மேல் விழுவது நின்றது. மிச்சமெல்லாம் என் முகத்தில் விழுந்தது.

"ஆளைக் கூப்பிடுங்க!" என்று அலறினேன்.

"நீங்க இருக்கும்போது ஆள் எதுக்கு சார்? கையை மட்டும் எடுத்துடாதீங்க! ஆட்டம் கெட்டுடும்!"

"ஆடப் போறவனே நான்தானேய்யா!"

அப்போதுதான் கூட்டத்திலிருந்து என் வீட்டுக்காரியின் குரல் கேட்டது. "நீங்க குழாயைப் பாருங்க. ஆட்டத்தை நான் பார்த்துக்கறேன்."

வக்கீல் ஆட்சேபித்தார். நோட்டீஸைப் படித்துப் பார்த்தார். வீட்டுக்கு ஒரு ஆள் என்றுதான் இருந்தது, எந்த ஆள் என்று இல்லை. ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். காதுதான் பார்த்தது. டக். கைதட்டல். டக், டக். மறுபடி கைதட்டல்.

"ரெட்டு விழுந்துடுச்சு!"

"ஃபாலோ? கூடவே இன்னொரு காயும் போட்டாங்களா?"

"அதுவும் விழுந்தாச்சு!"

"கோணத்தைப் பாரு! அவசரப்படாதே!" என்று கத்தினேன்.

"நீங்க வாயை மூடிக்கங்க, தண்ணி உள்ள போயிடும்!"

கடைசியில் ஒரு டக். அறையே அதிர்ந்தது. வக்கீலே கைதட்டினார் என்று பிறகு சொன்னார்கள்.

அவள் எழுந்தாள். கையிலிருந்த பவுடரைத் தட்டினாள். நிதானமாக வாசலுக்கு வெளியே போனாள். அடுத்த நிமிஷம் என் உள்ளங்கைக்கு அடியில் தண்ணீர் அடங்கிப்போயிற்று.

"எப்படி நின்னுச்சு?" என்றேன்.

"வெளியே மெயின் வால்வு இருக்குல்ல, மூடினேன்."

"அடிப்பாவி! முன்னாடியே மூடியிருக்கலாமே!"

"ரிப்பேர் தெரிஞ்சவர் கையால அடைச்சுக்கிட்டு நிக்கறீங்க. இது ஏதோ புது முறைன்னு நினைச்சேன்."

செயலாளர் கோப்பையை அவள் கையில் கொடுத்தார். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து நாளாகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சொட்டச் சொட்ட நின்றுகொண்டே மற்றவர்களைவிடச் சத்தமாகக் கைதட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் துண்டை எடுத்து அவளே என் தலையைத் துவட்டிவிட்டாள். கோப்பையைக் கூடத்தில் அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தாள். எந்த இடமும் பிடிக்கவில்லை.

"இதுக்குன்னு சுவத்துல ஒரு பலகை அடிக்கணுங்க."

"நாளைக்கே அடிச்சுடறேன்!" என்று கருவிப்பெட்டியை நோக்கி எழுந்தேன்.

"நீங்க வேண்டாங்க," என்றாள். "அன்னிக்கு லீவு போட்டு ஒருத்தரைக் கூப்பிட்டீங்களே, அவரையே வரச் சொல்லுங்க. வேலை சுத்தமா இருக்கு."