வழிக்கு வேண்டிய சாமான்

கடைசி ஸ்பனரையும் பெட்டிக்குள் போட்டு மூடியதும், நடு ஸ்ராண்டில் நின்ற மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் நிலத்தை விட்டு மெல்ல எழும்பியது. சண்முகநாதன் பாய்ந்து கைபிடியை அமத்தினார்.

"என்னப்பா, உது பறக்கப் போகுதோ?" என்றாள் மனைவி குணலட்சுமி.

"பின்னுக்குக் கொஞ்சம் பாரம் கூடிப்போச்சு."

உரும்பிராய்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரான சண்முகநாதன் இரண்டு கிழமை லீவு போட்டுவிட்டு, கரையோரமாக இலங்கையைச் சுற்றி வரப் போகிறார். இந்த ஆசையை அவருக்குள் கிளப்பியவன் குருநகர் ஜெரிசன். வயது முப்பத்தைந்துதான். ஏழு முறை இலங்கையைச் சுற்றியவன். ஒரு முறையாவது வண்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு திரும்பிய சரித்திரம் அவனுக்கு இல்லை. தன்னைவிடப் பதினாறு வயது இளையவனோடு சண்முகநாதன் 'நீங்கள்' என்றுதான் கதைப்பார்.

நெல்லியடியில் பெற்றோல் அடிக்கும்போது அவனைக் கண்டு, என்னென்ன கொண்டு போக வேண்டும் என்று கேட்டார். ஜெரிசன் ஒரே வசனம்தான் சொன்னான்.

"சாமான் நல்லதா இருக்கோணும் அண்ணை."

வேதவாக்கு! அன்றிலிருந்து சண்முகநாதன் கடை கடையாக ஏறி இறங்கினார். ஸ்பனர் செற், குறடு இரண்டு, சங்கிலி கழற்றுகிற கருவி, அது முறிந்தால் இன்னொன்று.

"வாள் என்னத்துக்கு?" என்று கேட்டாள் குணலட்சுமி.

"வழியிலை மரம் விழுந்து கிடந்தால் அறுக்க வேண்டாமே?"

பாரத்தைச் சமப்படுத்த முன்னுக்கும் ஒரு பையைக் கட்டினார். சக்கரம் இறங்கியது. ஆனால் கைபிடி வலப்பக்கம் திரும்ப மறுத்தது.

"அப்ப இடப்பக்கமாவே திரும்பித் திரும்பி இலங்கையைச் சுத்துங்கோ."

பையை அவிழ்த்து, சாமான் கட்டுவதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரும்புச் சட்டம் பூட்டினார். சட்டத்துக்கும் பாரம் உண்டு என்பது பூட்டிய பிறகுதான் விளங்கியது.

"உடுப்பு எங்கை வைக்கிறது?"

"மாத்திக் கட்ட ஒரு சாரம் காணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பூநகரி வரை ஓடிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஜெரிசன் தன் மனைவி ஸ்ரெல்லாவைப் பின்னுக்கு ஏற்றிக்கொண்டு கூடவே வந்தான். அந்த மகானோடு ஒரே வீதியில் ஓடுகிறோம் என்ற நினைப்பிலேயே சண்முகநாதனுக்குப் புல்லரித்தது. கேரதீவு தாண்டி இருபுறமும் கடல்நீர் பளபளத்தபோது, பின்னால் 'டப்' என்றொரு சத்தம். பாரம் தாங்காமல் பின்ரயர் போய்விட்டது.

சக்கரத்து நட்டைச் சட்டம் மூடியிருந்தது. சட்டத்தைக் கழற்றும் ஸ்பனர் பெட்டிக்குள். பெட்டியைச் சுற்றிக் கயிறு. அதன் முடிச்சோ கல்லாய் இறுகியிருந்தது. கயிற்றை வாளால் அறுக்கலாம். வாளும் பெட்டிக்குள்.

"தம்பி, என்ன செய்வம்?"

ஜெரிசன் சக்கரத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தான்.

"ம்" என்றான்.

அந்த 'ம்'மில் எவ்வளவு ஆழம்! பிறகு அவன் தன் பையிலிருந்து ஒரு சிறு சுருளை எடுத்து, வீதியோரம் விரித்தான். சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக ஸ்பனர்கள், லீவர்கள், ஒட்டுச் சாமான்கள், காற்றடிக்க ஒரு கைப்பம். நேற்று வாங்கியவைபோல எல்லாம் வெயிலில் மின்னின. சண்முகநாதன் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார்.

ஜெரிசன் கையைக் கட்டிக்கொண்டு வீதியைப் பார்த்தபடி நின்றான்.

"தொடங்குவமே?"

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை."

என்ன நிதானம்! மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளொன்று வந்து நின்றது.

"என்ன அண்ணை, காத்துப் போட்டுதோ?" என்றபடி இறங்கிய மீன்காரர் சுருளைக் கண்டதும் குந்திவிட்டார். "எட, எல்லா நம்பர் ஸ்பனரும் கிடக்குது!"

அடுத்து ஒரு ஓட்டோ நின்றது. பின்னால் ஸ்கூட்டியில் வந்த ரீச்சர் ஒருவரும் நிறுத்தினார். மீன்காரர் தன் மீன்கத்தியால் முடிச்சை வெட்டிப் பெட்டியை இறக்கினார். ஓட்டோக்காரர் சட்டத்தையும் சக்கரத்தையும் கழற்றினார். ரீச்சர் ரியூப்பை உரஞ்சி ஒட்டினார். அவர்கள் கையை நீட்டுமுன் வேண்டிய சாமானை ஜெரிசன் எடுத்துக் கொடுத்தான். அரை மணித்தியாலத்தில் சக்கரம் சுழன்றது. மூன்று பேரும் பேர்கூடச் சொல்லாமல் தங்கள் பாட்டில் போய்விட்டார்கள்.

ஜெரிசன் ஒவ்வொரு சாமானாகத் துடைத்துச் சுருட்டினான். சண்முகநாதன் ஸ்ரெல்லாவிடம் திரும்பினார்.

"தங்கச்சி, ஒரு நட்டைக்கூடத் தொடாமல், சும்மா நிண்டே வேலையை முடிச்சிட்டாரே! உந்த வித்தையை எங்கை பழகினவர்?"

மதகில் குந்தியிருந்து சோடா குடித்துக்கொண்டிருந்த ஸ்ரெல்லா வாயைத் துடைத்தாள்.

"உவருக்கு ஒரு நட்டும் கழட்டத் தெரியாது அண்ணை, உதவிக்கு நிக்கிற சனம் வெறுங்கையோடை கஷ்டப்படக் கூடாதெண்டுதான் ஏழு முறையும் நல்ல சாமானாப் பாத்துக் கொண்டு போனவர்."