மூன்று தேர்விலும் தேறிய மக்காச்சோளம்

ஒரு காட்டில், மேகம் தரையில் நடந்து போகும் உயரத்தில், நஞ்சி என்றொரு முள்ளம்பன்றி மக்காச்சோளம் விதைத்துத் தன் மூன்று குட்டிகளை வளர்த்து வந்தது. அதன் கதிரில் நான்கு நிற மணிகள் கலந்திருக்கும். சிவப்பு வறட்சியைத் தாங்கும். வெள்ளை பேய்மழையைத் தாங்கும். கறுப்பு உறைபனிக்கு அசையாது. மஞ்சள், எதுவும் நடக்காத வருடத்தில் நன்றாக விளையும். அப்படி ஒரு வருடம் அந்த மலையில் இதுவரை வந்ததில்லை.

பாரம்பரிய விதைகளைக் காப்பாற்றுவது என்று காட்டரசு முடிவு செய்தது. அன்றே நஞ்சிக்குச் சனி பிடித்தது. சான்றிதழ் இல்லாத விதையை விதைத்தால் யானை வந்து வயலை மிதித்துவிட்டுப் போகும் என்று அறிவித்தார்கள்.

நஞ்சி ஒரு கதிரைக் கவ்விக்கொண்டு அலுவலகத்துக்குப் போனது. வரிசையில் அதற்கு முன்னால் பதினோரு கற்கள் நின்றன. கல்லை வைத்தவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அலுவலர் ஓர் ஆந்தை. அலுவலக நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, அதாவது ஆந்தை தூங்குகிற நேரம். நஞ்சியின் முறை வந்தபோது அது ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

“இதுல எதும்மா உன் ரகம்?”

“எல்லாம் சேந்ததுதான் ஐயா. நாலும் ஒண்ணாக் கெடந்தாத்தான் எந்த வருசமும் வயிறு நெறையும்.”

“படிவத்துல நிறத்துக்கு ஒரே கட்டம்தான் இருக்கு. முதல் தேர்வு, எல்லா மணியும் ஒரே மாதிரி இருக்கணும். மஞ்சளாக்கிக் கொண்டுவா. சுவத்துல மாட்டியிருக்கிற படமும் மஞ்சள்தான். அதுவரைக்கும் தற்காலிகமா விதைச்சுக்க.”

மூன்று வருடம் நஞ்சி மற்ற மணிகளைப் பொறுக்கிக் குட்டிகளுக்குப் போட்டுவிட்டு, மஞ்சளை மட்டும் விதைத்தது. கறுப்பு மணியில் கடைசிப் பிடியைப் போட்டபோது, சட்டம் சட்டம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டது. நான்காம் வருடம் கதிர் முழுக்க மஞ்சள்.

“சபாஷ், ஒரே மாதிரி இருக்கு” என்றது ஆந்தை. “ரெண்டாவது தேர்வு, மத்த ரகத்துல இருந்து வேறுபட்டிருக்கணும்.” கதிரைச் சுவர்ப் படத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தது. “அச்சு அசல் எங்க துறை மஞ்சளேதான். தள்ளுபடி.”

“முன்னாடி வேறயாத்தான ஐயா இருந்துச்சு?”

“அப்ப ஒரே மாதிரி இல்லையேம்மா.”

வழி நெடுக யோசித்தும் ஆந்தை சொன்னதில் நஞ்சியால் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த மார்கழியில் உறைபனி இறங்கி, சரிவு முழுவதும் கருகிப்போனது. நஞ்சி விழுந்து புரண்டு அழுதது. பாவம், முள்ளம்பன்றி அழுதால் கட்டிக்கொண்டு ஆறுதல் சொல்ல யாரும் வரமாட்டார்கள். கருகிய தட்டை ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி அலுவலகத்துக்கு ஓடியது.

“ஐயா, சான்றிதழ் வேணாம். குட்டிங்க ரெண்டு நாளாப் பட்டினி. திங்க ஏதாச்சும் குடுங்க.”

ஆந்தை முதல் தடவையாக இரண்டு கண்ணையும் திறந்தது. “வயல் முழுக்க இப்படியேதானா?”

“ஒண்ணு மிச்சமில்லாம.”

“ஒரே மாதிரி” என்று குறித்துக்கொண்டது. படத்தைப் பார்த்தது. “வேற எந்த ரகத்துலயும் இல்லாத நிறம். மூணாவது தேர்வு, வருசா வருசம் மாறாம இருக்கணும். இது இனிமே மாறுமா?”

“செத்தது எப்படி ஐயா மாறும்?”

“தேர்ச்சி” என்று ஆந்தை முத்திரை குத்தியது.

சான்றிதழில் நஞ்சியின் பெயர்கூடப் பிழையில்லாமல் இருந்தது. இனி அந்தச் சரிவில் அந்த ரகத்தைத் தவிர வேறெதையும் விதைக்கக் கூடாது என்று ஒரு யானையைக் காவலுக்குப் போட்டார்கள். பசி பொறுக்காமல் குட்டிகள் சான்றிதழைத் தின்னப் பார்த்தன. லேமினேஷன் செய்திருந்ததால் பல்லுக்கு அகப்படாமல் வழுக்கிக்கொண்டே போனது.

நீதி: உயிரோடு இருப்பது மாறிக்கொண்டே இருக்கும், படிவம் தாங்காது. ஆகவே எதைக் காப்பாற்ற விரும்பினாலும் முதலில் அதை ஒழுங்காகச் சாகவிடுக.