கறுப்புச்சீலை அண்ணையின் ஆளில்லாத படங்கள்

கறுப்புச்சீலை அண்ணை! உங்களைப் போல ஒரு படப்பிடிப்பாளர் எங்கள் ஏழு தீவிலும் பிறக்கவில்லை. மனிதரைப் படம் பிடிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தவர் வேறு யார் இருக்கிறார்?

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் ஓட்டோ ஓட்டுகிறேன். அண்ணை படம் எடுக்கப் போனதெல்லாம் அதில்தான். பின்சீற்றில் மூன்று காலையும் நீட்டி இருந்தது அவருடைய மரக்கமரா. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் படம் எடுப்பார்களே, அது. அண்ணை ஒரு மூலையில் ஒடுங்கியிருப்பார். இறங்கிக் கமராவை மூடும் கறுப்புச்சீலைக்குள் தலையை விட்டால் இலேசில் வெளியே வராது.

ஒருநாள் மடத்துவெளி ஊரில் ஒரு அக்கா அந்தச் சீலைக்குள் எட்டிப் பார்த்தார். கமராக் கண்ணாடியில் அவருடைய வீடு தலைகீழாகத் தெரிந்தது.

"ஐயோ, என்ரை வீட்டைக் கவிட்டுப் போட்டீரே! முதல் நிமித்தி வையும்!"

"இதுக்குள்ளை அப்பிடித்தான் அக்கா தெரியும். படத்திலை நிமிந்திடும்."

"நிமிராட்டில்?"

"நானே வந்து குசினியிலை தலைகீழா நிண்டு சமைச்சுத் தாறன்."

படம் வரும்வரை அக்கா எங்களுக்குத் தேத்தண்ணிகூடத் தரவில்லை.

அண்ணை கமராவின் மூடியை நெடுநேரம் திறந்தே வைப்பார். அதற்குள் நடமாடுகிற எதுவும் தகட்டில் பதியாது. சாட்டிக் கடற்கரையில் பெடியள் சிலர் முன்னால் நின்று ஆடினார்கள். படத்தில் கடல் மட்டும்.

"எங்கை அண்ணை நாங்கள்?"

"ஆடினியள், அழிஞ்சியள்."

"கடலும்தானே ஆடினது?"

"அது பழகின ஆட்டம் தம்பி."

போன கிழமை நெஞ்சுவலி வந்து அண்ணை கண்ணை மூடிவிட்டார். சொந்தம் என்று ஒருவரும் இல்லை. அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டாவிட்டால் ஊருக்குத் தெரியாது, பாடை தூக்கவும் ஆள் வராது என்று எனக்குப் பயம். வீடு முழுக்கத் தேடியும் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. அடையாள அட்டைப் படத்தில் உப்புத்தண்ணீர் பட்டு மூக்கு மட்டும்தான் மிச்சம்.

"மூக்கை வைச்சு அஞ்சலி அடிக்க ஏலாது" என்றார் அச்சகக்காரர்.

அழுதபடி அண்ணை எடுத்த படம் ஒன்றைக் கொடுத்தேன். புங்குடுதீவுப் பாலம், இரண்டு பக்கமும் தண்ணீர். கீழே, அடையாள அட்டையில் இருந்த பெயரைப் போட்டார்கள். அந்தப் பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்பது ஒட்டி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"பாலம் செத்துப்போச்சோ?" என்று ஒருவர் கேட்டார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மறுநாள் அவர் வீட்டு முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. தூக்குவதற்குச் சண்டை. மடத்துவெளி அக்காவும் வந்திருந்தார்.

"செத்தது அண்ணை எண்டு உங்களுக்கு ஆர் அக்கா சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? இவ்வளவு வடிவான இடத்திலை ஒரு சனமும் இல்லையெண்டால், அது அவரின்ரை படம்தானே!"

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. இவர்தான் இருந்தார். கோயிலோ தேவாலயமோ, எங்கே போனாலும் எல்லாரும் அவருக்காக ஒருக்கால் மன்றாடுங்கள்.