ஊ வெறும்வயிறு

'சாப்பிட்டாச்சா?' என்று அன்பாகக் கேட்டவர்களையெல்லாம் விரோதியாகப் பார்த்த மனிதர் இந்த ரங்கூன் பட்டணத்தில் ஒருவர்தான். எங்கள் தையல் தொழிற்சாலையின் ஜெனரேட்டர்காரர். பர்மாவில் அந்தக் கேள்வி கேள்வியே அல்ல, வணக்கம் மாதிரி. மூன்று நாள் பட்டினி கிடந்தவன்கூட 'ஆச்சு' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவதுதான் மரியாதை. இவரோ சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, "இல்ல. ஏன் இல்லைன்னா..." என்று ஆரம்பித்துவிடுவார். புதிதாக வந்த வாட்ச்மேன் ஒருவன் தெரியாமல் கேட்டுத் தொலைத்தான். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க அடிக்க, பிரசங்கம் முடியும்வரை அவனால் கேட்டைத் திறக்க முடியவில்லை.

வெறும்வயிறு என்று பெயர் வைத்தவன் நான். மரியாதைக்கு, நம் 'ஐயா' மாதிரி, முன்னால் 'ஊ' சேர்த்தவர்கள் பர்மியத் தையல் பெண்கள். அர்த்தம் தெரியாமலே 'ஊ வெறும்வயிறு' என்று பயபக்தியோடு கூப்பிடுவார்கள். அவரும் ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி தலையாட்டுவார்.

அவர் வீடு லான்மடாவில், வேலை ஷ்வேப்யிதாவில். பஸ்ஸில் உட்கார்ந்து வருபவர்களே இறங்கும்போது முனகுகிற தூரம். ரங்கூனுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. கம்பெனி பஸ் உண்டு, ஃபெரி என்போம். அதில் அவருக்கு இடமும் உண்டு. ஆனாலும் மனிதர் விடியும் முன்பே, பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல், ஹேண்டில்பாரில் டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு மிதித்து வருவார். வந்து சேர்ந்த பிறகுதான் சாப்பாடு.

"சாப்ட்டுட்டு மிதிச்சா சோறு முழங்காலுக்கு எறங்கிரும் தம்பி. அப்புறம் மேல ஏத்துறது கஷ்டம்."

"டாக்டர் சொன்னாராண்ணே?"

"டாக்டரு கார்ல போறவரு. அவருக்கு முழங்காலப் பத்தி என்ன தெரியும்?"

இதெல்லாம் ஊருக்குச் சொன்ன காரணம். நிஜக் காரணம் எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. வாலிபப் பையன்களைப் படைக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்றதும், அவருடைய ஒரே மகன் எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போய்விட்டான். அங்கே கட்டட வேலை. லான்மடாவில் பாதி நாள் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. தொழிற்சாலையில் வைஃபை உண்டு, அது நான் வேலை பார்க்கும் ஸ்டோர் ரூமில்தான் ஒழுங்காக எடுக்கும். மகன் வேலைக்கு ஏறுமுன் கூப்பிடுவான். ஃபெரியை நம்பினால் வழியில் ராணுவச் சோதனை என்று எல்லாரையும் இறக்கிவிடுவார்கள், நேரம் தப்பிவிடும். சைக்கிளை அநேகமாக விட்டுவிடுவார்கள்.

துணி பேல் கட்டின் மேல் உட்கார்ந்து போனைக் காதோடு ஒட்டிக்கொள்வார். எனக்கு அவர் குரல் மட்டும்தான் கேட்கும். "சாப்ட்டியாடா? என்ன சாப்ட்ட? சரி, வையி." அவ்வளவுதான். ஊரில் யாரும் கேட்கக் கூடாத அந்தக் கேள்வியை அவர் கேட்பது அந்த ஒரு ஆளிடம்தான். போனை வைத்ததும் கேரியரைத் திறப்பார்.

"அவன் சாப்ட்டானான்னு தெரியாம எனக்கு எறங்காது தம்பி" என்றார் ஒருநாள். முழங்கால் கதை அன்றோடு என்னிடம் முடிந்தது.

ஒருமுறை அந்தச் சைக்கிளையும் மறித்தார்கள். ரோட்டில் மணல் மூட்டை அடுக்கி, துப்பாக்கியோடு நான்கு பேர். கேரியரில் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். சோறு என்றிருக்கிறார். குண்டோ விஷமோ இல்லை என்று எப்படி நம்புவது, ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டு என்றான் ஒருவன். வேறு யாராக இருந்தாலும் கேரியரையே விழுங்கியிருப்பார்கள். இவர், "வேலைக்குப் போய்த்தான் சாப்பிடுவேன்" என்று நின்றுவிட்டார். நெஞ்சில் துப்பாக்கியை வைத்தும் அதே பதில். கடைசியில் ஒரு தெருநாயைப் பிடித்து வந்து ஊட்டினார்கள். அது செத்துப் போகிறதா என்று ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். நாய் ஏப்பம் விட்டு, இன்னும் இருக்கிறதா என்று வாலை ஆட்டிய பிறகுதான் வழி விட்டார்கள்.

"சுட்டிருந்தா என்னண்ணே பண்ணியிருப்பீங்க?" என்றேன்.

"அது கெடக்கு. மீன் பூராத்தையும் நாய் தின்னுருச்சு தம்பி" என்றார். அன்று மட்டும் மகன் கொஞ்சம் தாமதமாகக் கூப்பிட்டான். சாமி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் பிறந்ததும் போன் நின்றுபோனது.

முதல் நாள் நெட் சரியில்லை என்றார். அடுத்த நாள் அவன் போன் சரியில்லை என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் போலீஸ் பிடித்திருக்கலாம். பிடித்துத் திருப்பி அனுப்பினால், எல்லையிலிருந்து நேராகப் படைக்குத்தான். இது எங்கள் இருவருக்கும் தெரியும், அதனால் பேசவில்லை. மழையில் நனைந்து வருவார், பேல் மேல் உட்காருவார், போனைப் பார்ப்பார், எழுந்து ஜெனரேட்டருக்குப் போவார். கேரியர் திறக்கவே இல்லை. சோற்றை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனால் மனைவிக்குத் தெரிந்துவிடும் என்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே நாய்களுக்குக் கொட்டினார். இரவு அவளுக்காக நாலு வாய் தின்றிருப்பாரோ என்னவோ, சட்டைக்குள் ஆளே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஒரு காலை கேட்டருகே வந்ததும் சைக்கிளோடு சரிந்தார். தையல் பெண்கள் தூக்கி வந்து என் அறையில் உட்கார வைத்தார்கள்.

"சாப்பிடுங்கண்ணே."

"வேணாம்."

கெஞ்சினேன், திட்டினேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன்.

"சொல்ல மறந்துட்டேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி ஆபீஸ் போனுக்குக் கூப்ட்டான். உங்க நம்பர் கெடைக்கலையாம்."

அவர் தலை நிமிர்ந்தது. "என்ன சொன்னான்?"

"நான் சாப்ட்டேன், அப்பாவச் சாப்பிடச் சொல்லுங்கன்னான்."

"தமிழ்லயா?"

"பின்ன? உங்கள மாதிரியே கணீர்னு பேசினான்ணே."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"எம் மவன் தமிழ் கேப்பான் தம்பி. பேச வராது. அவங்க அம்மா பர்மாக்காரி, அவனுக்கு எல்லாமே பர்மாதான். பொறந்ததுலேர்ந்து ஒரு வார்த்த தமிழ்ல எங்கிட்டப் பேசினதில்ல."

மகன் என்றால் தமிழில்தான் பேசுவான் என்று நினைத்த என் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது?

அவர் மெல்லக் கேரியரை இழுத்தார். மூடியைத் திறந்தார்.

"பரவால்ல" என்றார். "கத்துக்கிட்டான்னு வச்சுக்குவோம்."

சாப்பிட்டார். கண்ணீர் வழிய வழிய, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

மகனிடமிருந்து இன்றுவரை தகவல் இல்லை. அவர் இன்றும் மிதித்துத்தான் வருகிறார். வந்ததும் என் அறை வாசலில் நிற்பார்.

"கூப்ட்டானா?"

"கூப்ட்டான்ணே. சாப்ட்டானாம்."

"தமிழ் எப்பிடி?"

"தேவல. 'ழ' மட்டும் இன்னும் வரல."

"அது எனக்கே வராது" என்று கேரியரைத் திறப்பார்.

இப்போதெல்லாம் நானும் வீட்டில் சாப்பிடாமல்தான் கிளம்புகிறேன். காரணம் கேட்கும் மனைவியிடம் முழங்கால் கதையைச் சொல்லி வைத்திருக்கிறேன். வயிறு நிறைந்திருந்தால் 'கூப்ட்டான்' என்கிற அந்தப் பொய் எனக்கு வாயில் வரமாட்டேன் என்கிறது.