டாக்டர் சொன்ன குழாய்

இந்த ஒரு குழாயையாவது மனைவியைக் கேட்காமல் நானே தேர்ந்தெடுப்பது என்று முடிவெடுத்தேன். ஆண்பிள்ளை என்று பிறந்தவன் வாழ்நாளில் ஒரு குழாயாவது சொந்த புத்தியில் வாங்கியிருக்க வேண்டாமா?

குழாய் என்றதும் சமையலறைப் பக்கம் போய்விடாதீர்கள். நான் சொல்வது என் கார் குழாய். என்னுடையது டர்போ வைத்த கார். எஞ்சின் வெளியே விடும் புகையை வீணாக்காமல், அதை வைத்தே ஒரு சின்னக் காற்றாடியைச் சுழற்றி, எஞ்சினுக்குக் கூடுதல் மூச்சு கொடுப்பதுதான் டர்போ. அந்தப் புகையைக் கீழேயிருந்து டர்போவுக்கு ஏற்றிவிடுகிற குழாய்க்கு அப்-பைப் என்று பெயர். இலக்கணப்படி பார்த்தால் அப்பைப் என்றால் அந்தப் பைப். ஆனால் கடையில் விதவிதமாக வைத்திருக்கிறார்கள். எப்பைப் என்பதுதான் என் கவலை.

காரோடு வந்த பழைய குழாய்க்குள் தேன்கூடு மாதிரி ஒரு வடிகட்டி உண்டு. வயதானால் அது உதிரும். உதிர்ந்த துண்டு நேரே காற்றாடிக்குள் போகும். அதோடு டர்போவின் கதை முடிந்தது. டர்போ போய்விட்டால் என் கார் பக்கத்து வீட்டுக்காரர் கார் மாதிரி ஆகிவிடும். அதைவிடப் பெரிய அவமானம் வேண்டுமா?

மனைவியிடம் சொல்லிவிட்டே மாற்றியிருக்கலாம். ஆனால் போன தடவை ஹாரன் மாற்றினேன். கப்பல் ஹாரன். வாசலில் முதல் முறை அழுத்தியபோது காருக்கு முன்னால் நின்றிருந்தது அவள். அன்றைக்கே சட்டம் வந்துவிட்டது.

"இனிமே அந்த வண்டியில ஒரு ஸ்குரூ மாத்தணும்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் மாத்தணும்."

"சரி" என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் அதிகம் பேசிய சொல் அதுதான்.

அதன்பின் என்னிடம் மிச்சமிருந்த ஒரே அதிகாரம் கார் சாவி. எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான் மட்டும். அவளிடமும் லைசென்ஸ் இருக்கிறது. என்னைவிட நன்றாக ஓட்டுவாள். அதனால்தான் கொடுப்பதில்லை.

என் மனைவி ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ். வாசலில் நுழையும்போதே முகத்தைப் பார்த்து, மதியம் நான் என்ன தின்றேன் என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை ஏமாற்றத் துணிந்தேன். நீங்கள் என்னை முட்டாள் என்று சொல்லலாம். கோழை என்று மட்டும் சொல்ல முடியாது.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். எஞ்சின் பக்கம் காதைக் கொடுத்தே வியாதி என்ன என்று சொல்லிவிடுவார். தங்கமான மனிதர். யார் எதைக் கேட்டாலும் "செஞ்சிடலாம்" என்பார், அது ஒன்றுதான் குறை.

அவர் மேஜையில் இரண்டு குழாய்களை எடுத்து வைத்தார். ஒன்று கண்ணாடி போலப் பளபளத்தது. விறைப்பானது. அதில் என் முகம் தெரிந்தது, அதுவும் கொஞ்சம் ஒல்லியாக. இன்னொன்று சாம்பல் நிறம். நடுவில் மடிப்பு மடிப்பாகத் தொப்பை வைத்திருந்தது.

"எது நல்லது டாக்டர்?"

"ரெண்டுமே நல்லது சார்."

"இந்தப் பளபளப்பையே போட்டுடலாமா?"

"செஞ்சிடலாம்."

"இல்ல, தொப்பை வச்சது?"

"அதையும் செஞ்சிடலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மறுநாள் பால்கனியில் நின்று போன் போட்டேன்.

"பளபளன்னு இருந்ததே, அதையே வச்சுடுங்க டாக்டர். மேடு ஏறினா மூச்சு திணறுது. உள்ள உதிர ஆரம்பிச்சிருக்கும். சனிக்கிழமை மாத்திடலாம். வீட்ல மட்டும் தெரிய வேண்டாம்."

திரும்பினேன். துவைத்த துணிக்கூடையோடு மனைவி நின்றிருந்தாள்.

"யாருங்க போன்ல?"

"டாக்டர்."

"டாக்டரா? யாருக்கு?"

வழியை அவளே போட்டுக் கொடுத்தாள். நான் நடந்தேன்.

"எனக்குத்தாம்மா. மேல போற குழாய்ல கொஞ்சம் அடைப்பாம். மாத்தணுமாம்."

"சாப்பாடு போற குழாயா, மூச்சுக் குழாயா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுலன்னா?"

"பொதுவா ஒரு குழாய்."

அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கியது. சிரிப்பை அடக்கினாலும் கண் கலங்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"இவ்வளவு பெரிய விஷயத்தை என்கிட்ட மறைச்சீங்களே!"

"நீ பயந்துடுவேன்னுதான்."

"நான் எதுக்கு இருக்கேன்? சனிக்கிழமைக்குள்ள உங்களைத் தயார் பண்ணிடறேன்."

தயார் பண்ணினாள். அன்று முதல் எனக்குக் காய்கறி வேகவைத்த தண்ணீர். காய்கறி கிடையாது, தண்ணீர் மட்டும். உப்புக்கூட இல்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து அவள் பொரித்த கோழி சாப்பிட்டாள்.

"ஒரு சின்னத் துண்டு குடேன்."

"குழாய்ல போய் சிக்கிக்கும்ங்க."

"மெதுவா மென்னு..."

"பேசாதீங்க. தொண்டைக்கு ஓய்வு வேணும். போனையும் என்கிட்ட குடுத்துடுங்க. டாக்டர்கிட்ட நானே பேசிக்கறேன்."

"அவர்கிட்ட நீ பேச வேண்டாம்மா! ரொம்பக் கூச்ச சுபாவம்."

"பேசிப் பேசிப் பழக்கிடறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை எழுந்து சட்டை மாட்டினேன். அவள் அதைக் கழற்றி மறுபடி படுக்க வைத்தாள்.

"சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

"ஆபரேஷனுக்கு நீங்களே வண்டி ஓட்டிட்டுப் போவீங்களா? நான் போய் டாக்டரைக் கூட்டிட்டு வரேன்."

அந்த டாக்டர் மனிதர்களைத் தொடமாட்டார் என்று எப்படிச் சொல்வது? பசி வேறு. சாவியைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

மாலையில் தெருவில் ஒரு சத்தம் கேட்டு விழித்தேன். என் கார். ஆனால் இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. கரகரப்பு இல்லை, இருமல் இல்லை. நோயாளி என்பதை மறந்து படியில் தாவி இறங்கினேன். ஒரு பக்கம் மனைவி இறங்கினாள். மறுபக்கம் டாக்டர்.

"ஆபரேஷன் சக்சஸ் சார்" என்றார் டாக்டர்.

பானெட்டைத் திறந்தேன். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் தொப்பைக் குழாய்.

"என் பளபளப்பு எங்கே?"

"வேண்டாம்னுட்டேன்" என்றாள்.

"எவ்வளவு அழகா இருந்தது தெரியுமா?"

"அழகா இருந்து? எஞ்சினுக்கு அடியில அதை யார் பாப்பாங்க?"

"நான் படுத்துப் பாப்பேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. நிதானமாக எனக்குப் பாடம் நடத்தினாள்.

"சூடானா குழாய் நீளும். ஆறினா சுருங்கும். எஞ்சின் வேற உதறிக்கிட்டே இருக்கு. விறைப்பான குழாயை ரெண்டு பக்கமும் முடுக்கி வச்சா அது எங்க போகும்? விரிசல்தான் விடும். எங்க வார்டுல மூச்சு மெஷின் குழாய் பாத்திருக்கீங்கல்ல? மடிப்பு மடிப்பாத்தான் இருக்கும். நோயாளி புரண்டு படுப்பார். மெஷின் நின்ன எடத்துலயே நிக்கும். நடுவுல அந்த மடிப்பு விட்டுக்குடுக்கலைன்னா தொண்டை கிழிஞ்சுடும். ஒருத்தர் ஆடற ஆளா இருந்தா, நடுவுல விட்டுக்குடுக்க ஏதாவது இருக்கணும்ங்க."

அவள் குழாயைப் பற்றித்தான் சொன்னாள் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "அம்மா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா சார்? சூடு பாக்கற சென்சாரை எங்க வைப்பீங்கன்னு. உங்க பளபளப்புல அதுக்கு ஓட்டையே இல்ல. தெர்மாமீட்டர் வைக்க எடமில்லாத நோயாளியை நான் சேர்த்துக்க மாட்டேன்னுட்டாங்க. நான் வழக்கம்போல செஞ்சிடலாம்னேன். செய்யக் கூடாதுன்னாங்க. இத்தனை வருஷத்துல என்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல சார்." குரலில் பக்தி வழிந்தது.

"உனக்கு எப்பம்மா தெரிஞ்சுது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"பால்கனியிலயே தெரியும். போனை ஸ்பீக்கர்ல போட்டு வச்சிருந்தீங்க. எந்த டாக்டர், குழாயோட புது கேஸ்கெட்டும் போட்டுடலாம்னு நோயாளிகிட்ட சொல்லுவார்?"

"அப்ப அந்தக் காய்கறித் தண்ணி?"

"அது கப்பல் ஹாரனுக்கு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமையாக இருந்தது. அப்பைப் போய் இப்பைப் வந்துவிட்டது. டர்போ பிழைத்தது. கையில் கிரீஸ் கறையோடு நின்ற என் மனைவியைவிடக் கெட்டிக்காரி இந்த உலகத்தில் கிடையாது என்று தோன்றியது. அதை வாய்விட்டே சொன்னேன். அவளும் சிரித்தாள். இதுதான் சமயம் என்று கையை நீட்டினேன்.

"சாவியைக் குடும்மா. டாக்டரை விட்டுட்டு, அப்படியே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வரேன்."

அவள் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"குழாய் மாத்தின நோயாளி ஆறு வாரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாதுங்க."