மிட்டாய் டப்பா அரசாங்கம்

தம்பி மேசையைத் தட்டிய வேகத்தில் டீ தெறித்து, தங்கையின் புது உடையில் விழுந்தது.

"சம்பாதிக்கிறதுல பாதியைப் பிடுங்கிட்டு ஆஸ்பத்திரி இலவசம்னா, அது ஒரு பெருமையா? எங்க நாட்டுல வரின்னு பேருக்குத்தான் இருக்கு. என் காசு, என் இஷ்டம்."

"அதான் பல் வலிக்கு டாக்டர்கிட்ட போகப் பயந்துட்டு, ஒரு மாசம் உப்புத் தண்ணி கொப்பளிச்சியா?" என்றாள் தங்கை, கறையைத் துடைத்துக்கொண்டே.

சமையலறை வாசலில் அண்ணன் தவித்துக்கொண்டு நின்றார். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் பார்வையைச் சரிசெய்கிறவர். ஆளுக்கொரு வெளிநாட்டில் இருக்கும் இருவரும் பல வருடம் கழித்துச் சேர்ந்தாற்போல் வருகிறார்கள் என்று கடைக்கு லீவு போட்டு, அவர்களுடைய பழைய கட்டில்களைத் துடைத்து வைத்திருந்தார். வந்த அன்று, அவர் முழங்காலைப் பிடித்தபடி மாடிப்படி இறங்கியதைப் பார்த்தார்கள். மறுநாளே சண்டை ஆரம்பித்துவிட்டது. இப்படியே போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு விமானம் ஏறிவிடுவார்கள். இனி ஒருபோதும் சேர்ந்து வரமாட்டார்கள். அதுதான் அவர் பயம்.

"எல்லா நாட்டுலயும் நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும்ல," என்றார் பொதுவாக.

போச்சு. இருவரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"எங்க நாட்டுல என்ன கெட்டது? வயசானவங்க வீட்டுக்கே நர்ஸ் வருவாங்கண்ணா."

"வருவாங்க, எட்டு மாசம் கழிச்சு. எங்க ஊர்ல இன்னைக்குக் கேட்டா நாளைக்கு ஆபரேஷன்."

அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்டூலில் ஏறி, பரணிலிருந்து நசுங்கிய தகர டப்பா ஒன்றை இறக்கினார். அப்பா போன பிறகு, மீசை முளைக்காத வயதில் வீட்டை நடத்தியவர் அவர். பந்தயத்தில் ஜெயித்த மிட்டாயானாலும் சரி, மாமா கொடுத்த பிஸ்கட்டானாலும் சரி, பாதி இந்த டப்பாவுக்குப் போய்விட வேண்டும் என்பது அவர் சட்டம். யாருக்காவது காய்ச்சல் என்றால்தான் டப்பா திறக்கும்.

தம்பி மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். "இன்னும் ஆரஞ்சு மிட்டாய் வாசனை அடிக்குது," என்றான். தங்கையின் கண்கள் கலங்கின. மூவரும் அந்தச் சின்ன டப்பாவைச் சுற்றிப் பழையபடி உட்கார்ந்தார்கள். அண்ணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்போது தம்பி வாயைத் திறந்தான். "நான் ஓடி ஓடி ஜெயிச்சதை எல்லாம் இவ படுத்துட்டே தின்னா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், வரி இல்லாத நாட்டுக்குத்தான் போகணும்னு."

"எனக்கு நிஜமாவே காய்ச்சல்."

"தெர்மாமீட்டரை டீயில முக்கினது யாரு?"

இது அண்ணனுக்கு இத்தனை நாள் தெரியாத சங்கதி. சண்டை இன்னும் சூடுபிடித்தது.

"சரி, நாளைக்குக் காலையில தம்பி ஆட்சி, மதியத்துக்கு மேல தங்கச்சி ஆட்சி. இந்த வீட்டை அவங்கவங்க நாடு மாதிரி நடத்திக் காட்டுங்க," என்றார் அவர். விதி யாரை விட்டது?

தம்பி ஆட்சியில் அவரவர் வேலை அவரவருக்கு. ஒரே அடுப்புக்கு, தங்கையின் கணவரையும் சேர்த்து, நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். குளியலறைக் குழாய் பொதுச்சொத்து என்பதால் அதை யாரும் மூடவில்லை. மதியத்துக்குள் தொட்டி காலி.

தங்கை ஆட்சியில், தண்ணீர் யார் கொண்டுவருவது என்பதை எல்லோரும் கூடிப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். தம்பி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எனக்குக் காய்ச்சல். அரசாங்கம் கவனிக்கட்டும்," என்றான்.

பொறுத்துப் பார்த்த அண்ணன் தானே ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மாடித் தொட்டிக்குப் படியேறினார். பாதியில் முழங்கால் மடங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். காய்ச்சல்காரன் போர்வையை உதறிவிட்டு ஓடிவந்து ஒரு கையைப் பிடித்தான். தங்கை மறு கையைப் பிடித்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"விடுங்க ரெண்டு பேரும். உங்க நாடு அவ்வளவு சொர்க்கம்னா அங்கயே இருந்திருக்க வேண்டியதுதானே? எதுக்கு இங்க வந்தீங்க?"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். இருவரும் கையை விட்டுவிட்டு உள்ளே போனார்கள். எதற்குப் பயந்தாரோ அதைத் தன் வாயாலேயே செய்து முடித்தாயிற்று.

வந்ததிலிருந்து வாயே திறக்காத தங்கையின் கணவர், வாளியை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இவ அங்கயும் இப்படித்தான் அந்த நாட்டைத் தலையில வெச்சுக் கொண்டாடுவாளா, மாப்பிள்ளை?"

"நீங்க வேற, மச்சான். அங்க இவளும் உங்க தம்பியும் வாரா வாரம் போன்ல அவங்கவங்க நாட்டைத் திட்டித்தான் அழுவாங்க. உங்க முழங்காலைப் பார்த்த அன்னைக்குத்தான், உங்களை யார் தன்னோட நாட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு இந்தப் போட்டியே ஆரம்பிச்சுது."